ஒன்பதாம் மாசம்

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்ட பெண் குழந்தை. சுண்டுவிரல் கனம்கூட இல்லையே என்று அப்பன் வைத்த செல்லப்பெயர் சுண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தவரை கண்ணாடிப் பெட்டியும் நர்சுகளும் பார்த்துக்கொண்டார்கள். இப்போது எல்லாம் அவள் தலையில். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். வருவது தெரிந்த பிறகும் இன்னொரு தடவை வைப்பாள். கழுவிக் கழுவிக் கைத்தோல் வெடித்துவிட்டது.

கணவன் கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவன். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, "கொடு, கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேன். நீ படு" என்பான்.

"உங்க மேல இன்னும் பெயிண்ட் வாசனை வருது."

"ரெண்டு தடவை சோப்பு போட்டாச்சும்மா. இதுக்கு மேல தேய்ச்சா நானே உரிஞ்சு வந்துடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. குழந்தையையும் கொடுக்கவில்லை.

வெளியே சொல்ல முடியாத ஒன்று அவளுக்குள் கிடந்தது. மேல்மாடியில் குடியிருப்பவள் நிறைமாதம். இடுப்பில் கையை ஊன்றி அவள் படியேறுவதைக் கண்டால் இவள் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அது தானாக வாயிலிருந்து வந்துவிட்டது.

"எனக்கு அந்த வயிறு வேணும்."

கணவன் கையிலிருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. "இன்னொண்ணா? இப்பவேவா?"

"இல்லீங்க. இவளோட வயிறுதான். அது பெரிசாகவே இல்லையே. துணியெல்லாம் பத்தாம, குனிய முடியாம, நீங்க செருப்பு மாட்டிவிட்டு... ஒண்ணுமே நடக்கலை. கொஞ்ச நாள் லேசா உதைச்சா. அதுக்குள்ள வெளிய எடுத்துட்டாங்க. குழந்தை நல்லா இருக்கறப்ப இதுக்குப் போய் அழறேனேன்னு எனக்கே வெக்கமா இருக்கு."

அவன் துண்டைக் கீழே வைத்தான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"வயித்துல காது வெச்சுக் கேக்கணும்னு எனக்கும் ஆசை" என்றான். "இன்னும் பெரிசாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

அந்த வாரம் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வெளியே ஊதக்காற்று. வெறும் மார்போடு அணைத்து வைத்தால் குழந்தைக்குச் சூடு நிற்கும் என்று வார்டு நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். சுண்டுவை மார்போடு சேர்த்து மெல்லிய துணியால் கட்டி, மேலே கணவனின் தொளதொள சட்டையைப் போட்டு, கழுத்தருகே தளர்வாகத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாள். சட்டை வயிறுவரை மேடாகப் புடைத்து நின்றது. வேறு வண்டி கிடைக்காததால் பேருந்தில் ஏறினார்கள். உட்கார இடமில்லை. முன்சீட்டிலிருந்த, கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி சட்டென்று எழுந்தாள்.

"உக்காரும்மா. இந்த நிலைமையில நிக்கலாமா? எத்தனாவது மாசம்?"

கணவன் விளக்க வாயைத் திறந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒன்பது."

பொய்யில்லை. உள்ளேயே இருந்திருந்தால் இது ஒன்பதாம் மாதம்தான்.

"உதைக்குதா?"

சட்டைக்குள் குட்டிக் கால் ஒன்று அவள் வயிற்றில் எத்தியது. "இப்பத்தான்" என்றாள்.

"வெளிய வர அவசரம் போல."

"ரொம்ப அவசரம்" என்றான் கணவன்.

இரண்டு கைகளாலும் அந்த மேட்டை அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சில தெருக்கள் தாண்டும்வரை அவள் நிறைமாதக்காரியாகவே இருந்தாள். பிறகு ஒரு திருப்பத்தில் வயிறு தும்மியது.

"ஐயோ! என்னம்மா அது?" அந்த அம்மா பிடித்திருந்த கம்பியையே விட்டுவிட்டாள்.

அவள் துப்பட்டாவை விலக்கிக் குல்லா போட்ட தலையைக் காட்டினாள். "மன்னிச்சுக்கங்கம்மா. இவ முன்னாடியே பொறந்துட்டா. உள்ள இருந்தா எப்படி இருந்திருக்கும்னு..."

அந்த அம்மா கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். குழந்தையைத் தொடவில்லை. "காத்து படாம பாத்துக்கோ" என்றாள். "இறங்கற வரைக்கும் ஒன்பதாம் மாசம்தான். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அதற்குள் பேருந்து முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது கட்டை அவிழ்த்தாள். "பிடிங்க" என்று குழந்தையை நீட்டினாள். அவன் இரண்டு கையிலும் வாங்கி, அசையாமல் உட்கார்ந்தான். அவள் கண் எப்போது மூடியது என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. டாக்டரின் அறையிலிருந்து அழுகைச் சத்தம். கூடவே கணவனின் குரல், "இதோ ஆச்சுடா தங்கம், ஆச்சு, ஆச்சு" என்று.

ஏக்கம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. தளர்ந்து கிடந்த சட்டைக்குள் கை தானாகப் போனது. அங்கே குழந்தையின் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் எழுந்து ஓடவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.