ஆறு நாள் கழித்து ஒரு பதில்

‘நீக்கவா?’ என்று திரை கேட்டது. ரெண்டுவரி விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

நீர்வளத் துறை அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அணை திறப்போ குழாய் அடைப்போ, இரண்டே வரியில் சுருக்கித் துறையின் பக்கத்தில் போட்டுவிடுவாள். “இவகிட்ட விட்டா கல்யாணப் பத்திரிகையையே ‘வாங்க, சாப்பிடுங்க’ன்னு முடிச்சிடுவா” என்று அதிகாரி பெருமையடித்துக்கொள்வார்.

ஆறு நாளுக்கு முன், அணை திறந்த மதியம், மூன்று வரி எழுதியிருந்தாள். மூன்றாவது: ‘தரைப்பாலம் மூடப்பட்டுள்ளது.’ குடை பிடித்த தவளைப் படம் அம்சமாக வந்திருந்தது; அந்த வரி தவளையின் காலை மறைத்தது. தவளை நின்றது, வரி போனது. ‘ஆற்றோரம் போகாதீர்கள்’ என்றாலே புரியாதா என்ன?

ரொட்டி வண்டி ஓட்டுகிற ஒருவருக்குப் புரியவில்லை. பதிவின் அடியில் கேட்டிருந்தார்: ‘மேடம், தரைப்பாலத்துல வண்டி போகுமா? லோடு இருக்கு.’ அவள் என்றோ எழுதிவைத்த தானியங்கிப் பதில் நொடியில் பறந்தது: ‘தொடர்புகொண்டதற்கு நன்றி! விரைவில் பதிலளிப்போம்.’ கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அவள் சாப்பிடப் போயிருந்தாள். மனுஷர் பதினோரு நிமிடம் பொறுத்து ‘மேடம்?’ என்றிருக்கிறார். அப்புறம் கேட்கவில்லை.

வண்டி மறுநாள் கிடைத்தது. அவர் மூன்றாம் நாள். பேப்பரில் வந்த படமும் கேள்விக்குப் பக்கத்தில் இருந்த படமும் ஒரே சிரித்த முகம்.

“அஞ்சலிப் பதிவு சுருக்கமா போட்டுடும்மா” என்றார் அதிகாரி. “அந்தக் கேள்விய எடுத்துடு. எவனாவது பார்த்தான்னா மொதல்ல உன் வேலதான் போகும்.”

“அவர் கேட்டாரு சார்.”

“கேட்டாரும்மா. இப்ப என்ன பண்ண முடியும்?”

ரெண்டுவரி ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள். கேள்விக்குக் கீழே தட்டினாள்: ‘போகாதீங்க. பாலம் மூடியிருக்கு.’ அனுப்பியும் விட்டாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதே பெயரில், அதே சிரித்த முகத்தோடு பதில் வந்தது.

‘அவரோட கணக்கு என் போன்லயும் இருக்கு மேடம். சத்தம் கேட்டதும் அவர்தான்னு நெனச்சு அடுப்ப அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன்.’

“முடிச்சிட்டியாம்மா?” உள்ளறையிலிருந்து குரல்.

அவள் எழுத ஆரம்பித்திருந்தாள். தவளையின் காலுக்காக எடுத்த வரியிலிருந்து. நான்காவது வரி, ஐந்தாவது வரி... திரையில் அந்தச் சின்னப் பதில் பெட்டி கீழே கீழே நீண்டுகொண்டே போனது.