கேட்டைத் தாண்டும் வரைக்கும்

என் அண்ணன் வால்டருக்குப் பிள்ளைகள் மேல் பிரியம் அதிகம் என்று ராயபுரத்தில் யாராவது சொன்னால் எனக்கு எரியும். கப்பலில் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலை அவனுக்கு. எழுபத்தெட்டில் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது ஐந்து விளையாட்டுப் பெட்டிகள் வாங்கி வந்திருந்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே பேட்டரி. பட்டனை அழுத்தினால் சின்னக் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளிகள் கார் மாதிரி ஓடும், ஒன்றோடொன்று முட்டினால் கீச்சென்று கத்தும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போகிற வீட்டுப் பிள்ளைகள் வழியில் அழாமல் இருக்க இதைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். மண்ணடியில் ஒரு கடைக்காரர் ஐந்தையும் கேட்டு வைத்திருந்தார்.

பெட்டிகள் இன்னும் கப்பலுக்குள்தான் இருந்தன. ஹார்பர் கேட்டுக்கு வெளியே கொண்டுவரச் சுங்கம் கட்ட வேண்டும். கட்டாமல் கொண்டுவர வால்டர் ஒரு வழி வைத்திருந்தான். கப்பலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பாஸ் வாங்கலாம். பிள்ளை கையில் வைத்து விளையாடிக்கொண்டே வருகிற சாமானை யாரும் சோதிப்பதில்லை. அவனுக்கு இருப்பது ஒரே பெண், லூர்து. மீதி நான்கு பிள்ளைகளைத் தெருவில் இரவல் வாங்கினான். நடத்திக் கூட்டிவர ஒரு படித்த பொம்பளை வேண்டும். அதற்குத் தங்கச்சி என்னைப் பிடித்தான்.

"நீ இங்கிலீஸ்ல ரெண்டு வார்த்த பேசுனா அவன் சல்யூட் அடிப்பாம்மே. டீச்சர்னு சொல்லு. இஸ்கூல் பசங்கன்னு சொல்லு."

முடியாது என்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசாங்க ஆபீசில் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வீட்டுக்கு வந்து இந்தப் பெண் எப்படி என்று கேட்பார். அப்பா இல்லாத வீட்டில் அவர் கேட்கப் போவது வால்டரை. அது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஏட்டு வந்தா நான் இன்னா சொல்லணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றான், மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே.

கேட்டில் மாட்டினால் வேலை போகும். மறுத்தால் இவன் நாக்கால் போகும். போனேன்.

கப்பலில் பெட்டிகளைக் கையில் வாங்கியதும் பிள்ளைகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தங்களுக்கே தங்களுக்கு என்று நினைத்துவிட்டார்கள். கேட்டைத் தாண்டும் வரைக்கும்தான் என்று வால்டர் அவர்களிடம் சொல்லவில்லை. ஊட்டிக்குப் போகிற பிள்ளைக்கு அது விளையாட்டு. எங்கள் தெருப் பிள்ளைக்கு அது கூலியில்லாத சுமை.

கேட்டில் நான் முன்னால் நின்றேன். வால்டர் கையை வீசிக்கொண்டு, எங்களோடு சம்பந்தமில்லாதவன் போலச் சற்றுப் பின்னால் வந்தான். ஐந்து பெட்டிகளும் மாற்றி மாற்றிக் கீச்சிட்டன. சுங்க ஆபீசர் தலையைத் தூக்கினார். ஒரு பிள்ளை விளையாடிக்கொண்டு வந்தால் பிள்ளை, ஐந்து பிள்ளைகள் ஒரே மாதிரிப் பெட்டியோடு வந்தால் அது கடை. எங்கள் வீட்டுப் புத்திசாலிக்கு இது தோன்றவில்லை.

எல்லாம் யாருடையது என்று ஆபீசர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வால்டர் எங்களைக் கடந்து நடந்தான். அவர் அவனை நிறுத்தி, இவர்கள் உன் ஆட்களா என்றார்.

"தெர்லயே சார். யாரோ டீச்சரம்மா போல கீது."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். ஐந்து பெட்டிகளையும் என் தலையில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னப் பார்த்தான்.

"அவன் என் அண்ணன் சார். பேர் வால்டர். இந்தக் கப்பல்லதான் வேலை. அஞ்சும் விக்கறதுக்கு வாங்கினது."

இங்கிலீஷில் இல்லை. தமிழில்தான் சொன்னேன், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

வால்டர் சிரித்தான். இது ஒரு லூசு என்பதுபோல் நெற்றிப் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டினான். ஆபீசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, லூர்துவின் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். அதுவரை நிமிராதவள் நிமிர்ந்தாள்.

"நைனா, என் பொட்டிய எத்துக்கினாரு பாரு நைனா."

அவள் கை வால்டரைத்தான் காட்டியது.

பெட்டிகள் அங்கேயே தங்கின. அபராதம் அவன் பேரில் எழுதப்பட்டது. என்னிடம் துருவித் துருவிக் கேட்டார்கள். போன தடவை அவன் என்ன கொண்டுவந்தான் என்பதற்கு மட்டும் தெரியாது என்றேன். இரவல் பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் வந்து திட்டினார்கள், அவனையல்ல, என்னை. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த படிப்பு என்ன படிப்பு என்றார்கள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "ஏட்டு வரட்டும்மே. உன்னப் பத்தி வண்டி வண்டியா சொல்றேன்."

"சொல்லு. போன தடவ நீ கொண்டாந்தது எனக்குத் தெரியாதுன்னுதான் இப்போதிக்கு சொல்லி வெச்சிருக்கேன்" என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

ஏட்டு வந்த அன்று வால்டர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "தங்கமான பொண்ணு சார்" என்றான். ஏட்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

லூர்து உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பிடுங்கிக் கொடுத்தது அத்தைதான் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான். நான் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை.

"இன்னாமே, இப்ப திருப்தியா?" என்றான் வால்டர்.

"இல்லை" என்றேன்.