பெட்டிக்குள் இருந்த பச்சை

அக்கா புருஷனுக்கு எந்த வேலையும் நிலைக்காது. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி, எங்கள் மலை ஆய்வு நிலையத்தில் காவலுக்குச் சேர்த்துவிட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்.

எங்கள் வேலை இதுதான்: வறண்ட சரிவில் சில புதர்களைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். மூடி அவ்வப்போது தானாக மூடிக்கொள்ளும். புதர் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கிறது, எவ்வளவு நீரை ஆவியாக விடுகிறது என்று பெட்டி அளந்து எங்கள் கணினிக்கு அனுப்பும். மழைக்காலத்தில் புதர் தாராளமாக மூச்சுவிடும். கோடையில் இலைத் துளைகளை இறுக்கிக்கொண்டு கம்மென்று கிடக்கும். இந்தக் கோடையில் அப்படிக் கிடக்கவே இல்லை. வறட்சியை வென்ற புதர் என்று ஆய்வை நடத்தும் பேராசிரியை தலைகால் புரியாமல் குதித்தார். நானும்தான்.

இன்று பெட்டிகளின் காற்று வடிகட்டியை மாற்ற மேலே ஏறினேன். வெளியே இருந்த புதர்கள் விறகாகிக் கிடந்தன. பெட்டிகளுக்குள் மட்டும் பச்சை. வேரடியில் விரலை விட்டேன். ஈரம். முகர்ந்தால் சோப்பு வாசனை!

"மச்சான்!"

நான் போட்ட சத்தத்தில் அரை வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"குளிச்ச தண்ணிதான் மாப்ள. வீணாத்தானே போகுது?"

"அடக் கடவுளே! உங்களை யாரு ஊத்தச் சொன்னது?"

"பெட்டிக்குள்ள இருக்கறது செத்துட்டா உன் வேலைக்கு வேட்டு வச்சிருவாங்களேன்னு..."

"சாகுதா இல்லையான்னு பாக்கத்தான் மச்சான் பெட்டியே வச்சிருக்கோம்!"

அவர் முகம் தொங்கிவிட்டது. பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது. ஒரு கோடை முழுக்கப் பாழ். மறைத்தால் ஊரை ஏமாற்றுவது. சொன்னால் இவர் வேலை போகும், அக்கா வீடு தவிக்கும்.

பேராசிரியைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"அவரை அனுப்ப வேண்டாம். ஆனா இனிமே ஒரு சொட்டு விழக்கூடாது. பழகின தண்ணி நின்னா புதர் எப்படிச் சாகுதுன்னு அளந்துடலாம்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. மச்சானிடம் ஓடினேன். "வேலை தப்பிச்சுது! சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்."

"தண்ணி குடுத்துப் பழக்கிட்டு, பக்கத்துல உக்காந்து சாகறத வேடிக்கை பாக்கணுமா? என்னால ஆகாது மாப்ள."

கேட் சாவியை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டும். வேறு ஆள் கிடைக்கும்வரை இங்கே காவலும் நான்தான். வாளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் இன்னும் தண்ணீர் இருக்கிறது.