ஆந்தைக்குப் பின்னால் நெளிந்த விளக்குகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. அத்தானின் ஆந்தைப் படங்களைக் கண்காட்சியில் வைத்தபோது, பக்கத்தில் மாட்ட நாலு வரி எழுதிக் கொடுத்தேன். இப்போது மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

2

தொடக்கம்: 'அந்தி வெளிச்சத்தில் ஓர் ஆந்தை மெல்ல'

(வேண்டாம். ஆந்தை என்றதும் அந்தி வெளிச்சம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அலுப்பாக இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். அத்தான், அதாவது அக்காவின் கணவர், பல் மருத்துவர். மாலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே புல்வெளியில் பறக்கும் ஆந்தைகளைப் படமெடுப்பார். ஷட்டர் வேகத்தை வேண்டுமென்றே அரை நொடிக்கு இறக்கி, ஆந்தை போகிற போக்கிலேயே கேமராவையும் நகர்த்துவார். சிறகு புகையாக இழுபடும். தூரத்துத் தெருவிளக்குகள் நேர்கோடுகளாகும்.

கண்காட்சியில் பரிசு வாங்கிய படத்தில் அந்தக் கோடுகள் பொடிப்பொடியாக நெளிந்திருந்தன. கை நடுங்கியிருக்குமோ என்று எனக்கு அப்போதே தோன்றியது. 'ஆந்தையின் மூச்சு' என்று எழுதினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

3

போன வாரம் அக்கா படங்களை மேசையில் பரப்பினாள்.

"விளக்கை மட்டும் பாரு. போன வருஷம் நேரா இருக்கு. இப்ப ஏன் இப்படி?"

"அது ஒரு ஸ்டைலுக்கா."

"அவர் கையில தண்ணி டம்ளரும் அதே ஸ்டைல்லதான் ஆடுது."

"அத்தான்கிட்ட கேட்டியா?"

"கேட்டா, 'உன் தம்பியே எழுதியிருக்கானே, படிக்கலையா'ங்கறார்."

(வெட்கமாக இருந்தது. இதற்கு மேல் அழகாகச் சொல்லத் தெம்பில்லை.)

4

முடிவுகள். அத்தானே டாக்டரிடம் போகிறார். (அவரைத் தெரியாதவர்கள் நம்பலாம்.) அல்லது வெறும் அசதிதான், பத்து நாள் ஓய்வில் சரியாகிவிடுகிறது. (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை இல்லை.) அல்லது யாரோ வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார், அத்தான் ஊசியை எடுத்து

(இதை முடிக்க மாட்டேன்.)

5

நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் கிளினிக்குக்குப் போனேன். அத்தான் புதுப் படம் ஒன்றை நீட்டினார். காற்றே இல்லை, அவர் விரல்களில் தாள் சடசடத்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"இதுக்கும் நாலு வரி எழுதிக் குடுப்பா. நீ எழுதினாத்தான் உங்க அக்கா நம்புவா."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது. வெளியே மூன்று பேர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் களைத்துவிட்டேன். இந்த நாலு வரியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கிளினிக் காலை பத்து மணிக்குத் திறக்கும். அதற்குள் வேண்டும்.