எதிர்ப் பெஞ்சுக்காரர்

முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதென்றால் குன்வோருக்கு எட்டிக்காய். பக்கத்து சீட் காலியாக இருந்தால்தான் பேருந்தில் உட்காருவாள். அப்படிப்பட்டவள் அன்று, மலைகளுக்கிடையே கடல் புகுந்த ஃபியோர்டைக் கார்களையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் படகில், எதிர்ப் பெஞ்சுக்காரர் வாஃபிள் அப்பத்தின் மேலிருந்த பழுப்புச் சீஸை மட்டும் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்துச் சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு? நல்லதை முதல்ல முடிச்சிரணும்."

"அப்ப மிச்சத்தை யாரு சாப்பிடுறது?"

"அதான் நீங்க இருக்கீங்களே!" என்று தட்டைத் தள்ளினார்.

சாப்பிட்டாள்! அவர் பெயர் ஒட்லைவ், மாட்டு வைத்தியர், மனைவியைப் பிரிந்தவர். தானும் அப்படித்தான் என்றாள். தங்கையிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். கரை வந்ததே தெரியவில்லை. கீழ்த்தளத்தில் அவள் கார்தான் முதலில் நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துப் படகையே அதிரவைத்த பிறகுதான் இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுக் கரையில் காத்திருந்த தங்கை மோல்ஃப்ரிட், அவர்கள் கார்களை ஓரங்கட்டிவிட்டு மறுபடி பேசுவதைப் பார்த்தாள். அக்காவைத் தனியே இழுத்தாள்.

"யாருக்கா அது?"

"இப்பதான் பாத்தேன். ஜென்ம ஜென்மமாத் தெரிஞ்ச மாதிரி இருக்குடி."

"இருக்காதா பின்னே? மூக்கைத் தேய்ச்சுக்கிட்டு, தலையைச் சாய்ச்சுக்கிட்டு... அப்படியே உன் ஹால்வார்ட்! விவாகரத்து பண்ணின புருஷனையே மறுபடி தேடிப் பிடிச்சிருக்கே."

குன்வோருக்குச் சுருக்கென்றது. நேரே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் முகம் சிவந்தது.

"உங்க சிரிப்பும் என் பழைய பொண்டாட்டி சிரிப்பேதான். அவதான் வந்துட்டாளோன்னு ஒரு நிமிஷம் நடுங்கிட்டேன்."

"நடுங்கிக்கிட்டேவா தட்டைத் தள்ளினீங்க?"

"கை பழகிப்போச்சு. அவ எப்பவும் என் தட்டுலதான் கைவைப்பா."

குன்வோருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஹால்வார்ட் சண்டையில ஜெயிச்சா விசில் அடிப்பாரு. நீங்க?"

"எனக்கு விசிலே வராதுங்க."

"அடிங்க, பாப்போம்."

உதட்டைக் குவித்து மூச்சைப் பிடித்து ஊதினார். சீஸ் துணுக்குதான் பறந்து வந்து அவள் கோட்டில் ஒட்டியது. குன்வோர் அதைத் தட்டிவிட்டு, அவரை முதல்முறை பார்ப்பதுபோல நின்று பார்த்தாள். இந்த மூக்கு ஹால்வார்டின் மூக்கைவிடப் பெரியது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது.

"மோல்ஃப்ரிட், இவரும் சாப்பிட வர்றாரு."

"மீன் ரெண்டு பேருக்குத்தான் இருக்கு!"

"உருளைக்கிழங்கைக் கூடப் போட்டு வேகவைடி."