ஆளுக்குப் பாதி

பருப்பு, பால், முட்டை எதுவும் மகளுக்கு ஆகாது. புரதம் அளவு மீறினால் மூளையைக் கெடுக்கும் பரம்பரைக் கோளாறு. கல்லூரிக்குப் போகும் வயதிலும் அளந்த சோறும், நாற்றமடிக்கும் மருந்துப் பொடிக் கரைசலும்தான்.

காலையில் சோற்றைத் தராசில் வைத்ததுமே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "எல்லாம் உங்க வம்சத்துச் சீதனம்!"

அப்பா விடுவாரா? "கல்லைத் தின்னாலும் செரிக்கிற வம்சம்டி எங்களோடது!"

மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கரைசலை ஒரே மடக்கில் குடித்தாள். டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"ரெண்டு பக்கமிருந்தும் வந்தாத்தான் இந்த நோயே வரும்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிறாரு. நீங்க சண்டை போடாம, ஒத்துமையா செஞ்ச காரியம் இது ஒண்ணுதான். இதுலயும் பாகப்பிரிவினையா?"