கைமாறிய கவலை

ட்ரைனேயின் வீட்டில் மழை விட்ட பிறகும் இரண்டு நாள் பெய்யும். ஒழுகுமிடத்தில் வைத்த பானையில் ஒரு தவளை குடித்தனம் வைத்துப் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டது. லித்துவேனியாவின் அந்தச் சேற்று ஊரில் இதையெல்லாம் யாரும் பெரிதுபண்ணுவதில்லை. ட்ரைனேக்குத்தான் வயிறு எரிந்தது. மகள் பெய்லா தலைப்பிரசவத்துக்கு இன்று மாலை வருகிறாள். அவள் படுக்கவேண்டிய கட்டிலுக்கு நேர்மேலே உத்தரம் உளுத்துப்போயிருந்தது.

காலைத் தொழுகை முடித்து, கணவன் சுண்டெல் சாவகாசமாக வந்தார்.

"உத்தரத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பாரத்தைக் கடவுள்மேல போடுன்னு தாவீது ராஜா சொல்லியிருக்காரு, ட்ரைனே."

"அரண்மனையில உக்காந்து சொன்னாரு. அவர் பொண்ணு தலையிலயா இது விழப்போகுது?"

"உனக்கு நம்பிக்கை பத்தாது."

"விறகு தீருதேன்னு கவலைப்பட்டது நான். குளிர் காஞ்சுட்டு, கடவுள் கொடுத்தாருன்னது நீங்க. உங்க நம்பிக்கைக்கு நான்தானே சுமைதூக்கி?"

சொன்ன வேகத்தில் பக்கத்து வீட்டுச் செருப்புத் தைப்பவன் கெட்செலையும் அவன் தம்பியையும் சாட்சிக்கு இழுத்து வந்தாள். அவ்வூர் யூதர்களிடையே ஒரு பொருள் கைமாற வேண்டுமானால், வாங்குகிறவர் கைக்குட்டையை நீட்டுவார், கொடுக்கிறவர் பிடித்துத் தூக்குவார். அவ்வளவுதான், பிறகு பேச்சு மாற முடியாது.

"என்ன குடுக்கிற, மாடா?" என்றான் கெட்செல்.

"கவலை. இந்த வீட்டுக் கவலை மொத்தமும் இனி இவருக்கு. கைக்குட்டையை நீட்டுங்க."

"குடு, குடு. எனக்கென்ன கனமா?" என்று சிரித்தபடி சுண்டெல் பொடிமணக்கும் கைக்குட்டையை நீட்டினார். ட்ரைனே தூக்கினாள், தும்மினாள், நேரே போய் அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில்.

கோபத்துக்குத்தான் படுத்தாள். தூக்கம் நிஜமாகவே வந்துவிட்டது. குறட்டையைக் கேட்டு, ஆலை ஓடுகிறதென்று ஒருவன் தானிய மூட்டையோடு வந்து வாசலில் நின்றான்.

சுத்தியல் சத்தத்தில் கண் விழித்தாள். வெளியே மழை. உத்தரத்துக்கு ஒரு முட்டு நின்றிருந்தது. கூரைமேலிருந்து சுண்டெலின் குரல்: "ஆண்டவரே, பலகை நழுவுது, பிடிச்சுக்கும். பொண்ணு வர்றா, உமக்குத் தெரியாதா? சும்மா பாத்துக்கிட்டிருந்தா எப்படி?"

இருபது வருடமாக 'எல்லாம் அவன் செயல்' என்பதைத் தவிர கடவுளிடம் எதுவும் பேசாத மனிதர். ட்ரைனே அசையாமல் கிடந்தாள். உடம்பு இறகுபோல இருந்தது. நெஞ்சில் எப்போதும் அழுத்தும் கல்லைக் காணோம். இப்படியும் ஒரு சுகம் உண்டா என்று நினைத்த நொடியில் கோபம் முன்னைவிட மூன்று மடங்காகப் பற்றிக்கொண்டது. மழையில் இறங்கி, ஆடிய ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"இவ்வளவு சுகத்தையும் தனியா வச்சுத் தின்னீங்களே, பாவி மனுஷா!"

"பாரத்தைக் கடவுள்மேல போட்டுட்டு வான்னு தினமும் உன்னைக் கூப்பிட்டேனே."

"வெறுங்கையை ஆட்டிக் கூப்பிட்டா யார் வருவா? என்னைக்காவது இந்தச் சுத்தியலைத் தொட்டுட்டுக் கூப்பிட்டிருந்தா, அன்னைக்கே ஓடி வந்திருப்பேன்."

சுண்டெல் கூரை விளிம்புக்கு நகர்ந்து கீழே எட்டிப் பார்த்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னும் ஒரு பலகை இருக்கு, ட்ரைனே. எடுத்துத் தர்றியா?"

தெருக்கோடியில் பெய்லாவின் வண்டி சேற்றில் திரும்பிக்கொண்டிருந்தது. திட்டுவதை நிறுத்தாமலே ட்ரைனே பலகையைத் தூக்கிக் கொடுத்தாள்.